அந்தரத்தில் கூடாத வேகம்

இலக்கியம் பேசும் இடத்தில் வீடியோ கேமைப் பற்றி எழுதுவதற்கு ஒரு சமாதானம் சொல்லியாக வேண்டும் என்று கருதி, எங்களில் ஒருவர் அரைப்பக்க முன்னுரை எழுதியும் விட்டார். மற்ற இருவரும் படித்துவிட்டு அதை அடித்துவிட்டோம். இது ஒரு பிழைதிருத்தம் மட்டுமே. 1997-இல் அக்காள்மடத்தில் ஒரு கடைச் சுவரில் தவறாக எழுதப்பட்டதைத் திருத்தி எழுதுகிறோம்.

நாங்கள் என்று இங்கே சொல்லிக்கொள்வது மூன்று பேரை. ஒருவர் சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறார். ஒருவர் ஷார்ஜாவில். மூன்றாமவர் இராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியர். மூவரும் பாம்பன் தீவில் பிறந்தவர்கள், ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்த பெஞ்சில் நான்காவதாக ஒருவனும் இருந்தான். 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் அவனையும் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் எங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

அக்காள்மடம் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது. இராமேஸ்வரம் போகும் பேருந்துகளில் அமர்ந்திருப்பவர்கள் பாம்பன் பாலத்தின் பிரமிப்பு அடங்குவதற்கு முன்பே எங்கள் ஊரைக் கடந்துவிடுவார்கள். அக்காள் ஒருத்தியும் தங்கை ஒருத்தியும் யாத்திரிகர்களுக்காக ஆளுக்கொரு மடம் கட்டினார்கள், அதனால் இந்தப் பெயர்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. பனைகள், மணல், ஆடுகள், காயும் வலை, இருபுறமும் கடல். 1914-இல் திறந்த ரயில் பாலம்தான் நெடுங்காலம் தீவுக்கு ஒரே தரைவழி. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் லாரிகளும் பேருந்துகளும் உள்ளே வந்தன. எங்கள் பால்யத்துக்குத் தேவையான சாமான்களெல்லாம் அந்தப் பாலத்தில் ஏறி வந்தவைதாம். வீடியோ கேமும் அப்படித்தான் வந்தது.

சாலையோரம் ஒரு கிடுகுக் கொட்டகை. முன்பாதியில் பீடி, சிகரெட், சோடா. பின்பாதியில் ஒரு மேசை, அதன்மேல் கறுப்பு வெள்ளை டிவி. அதே டிவியில் மாலை நேரங்களில் இலங்கையின் ரூபவாஹினி தெரியும், ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால். டிவியோடு இணைந்த சாம்பல்நிறப் பெட்டியின் மேல் என்னென்னவோ ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஜப்பானின் நின்டென்டோ செய்த பெட்டியைப் பார்த்து எவரோ எங்கேயோ செய்த நகல் அது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்ட விஷயம். கேசட்டின் மேல் லட்சக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு ஆட்டங்கள் பெயர் மாறி மாறி வரும். அந்த ஏழெட்டில் ஒன்றுதான் மாரியோ. அரை மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். கேசட் ஓடாவிட்டால் கழற்றி ஊத வேண்டும். ஊதினால் ஓடும் என்பதில் எங்களுக்கு அன்று எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. மாரியோவின் தொப்பி சிவப்பு என்பது ஊரைவிட்டு வெளியேறிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தை ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் வடிவமைத்தார்கள். ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று வெளியானது. முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடமிருந்து வலம் ஓட வேண்டும், குழிகளைத் தாண்ட வேண்டும், ஸ்டேஜின் கடைசியில் இருக்கும் கொடிக்கம்பத்தைத் தொட வேண்டும். ஏ பொத்தான் தாவுவதற்கு, பி பொத்தான் ஓடுவதற்கு. அவ்வளவுதான் ஆட்டம். அந்த அவ்வளவுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை எங்களுக்குக் காட்டியவன் நான்காமவன்.

ஐந்து ரூபாயை நால்வரும் பங்கு போட்டுக் கொடுப்போம். பெரும்பாலும் எங்கள் மூவரிடமும் ஒன்றரை ரூபாய் வீதம் தேறும், அவனிடம் எட்டணா. ஒருவனுடைய மாரியோ செத்தால் அடுத்தவன் முறை. தொடக்கத்தில் இது நியாயமான ஏற்பாடாகத்தான் இருந்தது. சில வாரங்களில் அவன் சாகாமல் ஆடக் கற்றுக்கொண்டான். எட்டணா கொடுத்தவன் இருபது நிமிடம் ஆடுவதும், ஒன்றரை ரூபாய் கொடுத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதும் வழக்கமாயிற்று. பிறகு கொடுத்த காசுக்கு ஏற்ற நிமிடங்கள் என்று நாங்கள் விதியை மாற்றினோம். அவனுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். எதிர்த்து எதுவும் சொல்லவில்லை அவன். மூன்று நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தான். அவன் வேகத்தைப் பற்றிச் சிந்தித்ததற்கு நாங்கள்தான் காரணம் என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

அப்போது எங்களிடையே ஒரு பெரிய தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. ஓடுவது வேகமா, தாவித் தாவிப் போவது வேகமா? தாவுவதுதான் வேகம் என்று நாங்கள் மூவரும் சாதித்தோம். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கடிகாரம் யாரிடமும் கிடையாது. அவன் ஒரு காரியம் செய்தான். பின்னணியில் ஓடும் பாட்டைக் கடிகாரமாக்கிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்கச் சொன்னான். முதல் குழாய்க்கு வந்ததும் டக்கென்று மேசையில் தட்டுவான். முதல் முறை தாவாமல் ஓடினான். அடுத்த முறை தாவிக்கொண்டே போனான். இரண்டு முறையும் பாட்டின் ஒரே இடத்தில்தான் அந்த டக் விழுந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. முழு ஓட்டத்துல இருந்தா தாவுனாலும் அதே ஓட்டம். நின்னுக்கிட்டுத் தாவுனாத்தான் நஷ்டம்."

பதின்மூன்று வயதுப் பையன் கண்டுபிடித்த இந்த ஒரு வாக்கியத்தின் முழு அர்த்தம் எங்களுக்குப் புரிய இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த ஆட்டத்தின் நிரலை ஆர்வலர்கள் வரிவரியாகப் பிரித்து விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களில் ஷார்ஜாவில் இருப்பவர் ஒரு விடுமுறை நாளில் அதில் விழுந்து, விடியும்வரை எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து அவர் எங்களுக்குப் பிரித்துச் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

மாரியோ நடக்கும்போது திரையின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி நகர்கிறான். பி பொத்தானை அழுத்தி ஓடினால் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி. இந்த இரண்டாம் வேகம் உடனே கிடைத்துவிடாது. தரையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் அந்தத் தாவல் முடியும்வரை நடைவேகம்தான் உச்சம். அந்தரத்தில் இருந்துகொண்டு பி பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் ஏறாது. முழு ஓட்டத்தில் எம்பியவனுக்கோ அந்தரத்திலும் அதே முழு ஓட்டம் நிற்கிறது. விரலை எடுத்துவிட்டால்கூட, கீழே இறங்கும்வரை வேகம் குறைவதில்லை. உயரமும் இதைப் பொறுத்ததே. நின்ற இடத்தில் எம்பினால் சுமார் நான்கு கல் உயரம், ஓடி வந்து எம்பினால் ஐந்து கல். ஆக, அந்தரத்தில் ஒருவன் எவ்வளவு வேகமாகப் போகமுடியும் என்பது அவன் தரையை விட்ட கணத்திலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது. வேகமாக ஆட விரும்புகிறவனின் வித்தையெல்லாம் எங்கே எம்புவது என்பதைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தலை கல்லில் இடிக்கக்கூடாது, குழாயின் பக்கவாட்டில் மோதக்கூடாது, இறங்கிய இடத்திலிருந்து அடுத்த எம்பலுக்கு இடம் வேண்டும்.

இதை வாழ்க்கைக்கு உவமையாக்குவது மிக எளிது. பட்டப்படிப்பு முடித்து, ஓடி வந்து எம்பிய எங்களையும், எட்டாம் வகுப்போடு நின்ற இடத்திலிருந்து எம்ப நேர்ந்த அவனையும் பக்கத்தில் வைத்துவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் நடந்தது அது மட்டுமல்ல.

1997-இன் மழைக்காலம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் தீவில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தில் பாதியில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. எட்டாம் உலகம்வரை போனவனும் கரன்ட் போனால் மறுபடி முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜில்தான் நிற்க வேண்டும். அதனால் கடைக்கார அண்ணன் ஒரு போட்டி அறிவித்தார். முதல் ஸ்டேஜ் மட்டும். திரையின் வலதுமூலையில் 400-இலிருந்து இறங்கிக்கொண்டே வரும் எண், கொடிக்கம்பத்தைத் தொட்டதும் நின்றுவிடும். அதிக எண்ணை மிச்சம் பிடிப்பவன் பெயர் சுவரில் எழுதப்படும். ஒரு மணி நேரம் இலவசம்.

ஊர்ப் பையன்கள் பதினைந்து பேர் இருந்தோம். எல்லோரும் ஆடி முடித்தபின் முன்னால் நின்றது எங்கள் மூவரில் ஒருவர். யார் என்பது இப்போது முக்கியமில்லை. அதை மூவரும் பங்கிட்டுக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டோம். கடைசியாக அவன் வந்தான்.

ஸ்டேஜ் தொடங்கியதும் அவன் மாரியோவை இடதுபக்கம் திருப்பினான். போகவேண்டிய திசைக்கு முதுகு காட்டி நிறுத்தினான். அப்படியே எம்பினான். அந்தரத்தில் இருக்கும்போது வலதுபக்கம் அழுத்தினான். மாரியோ இடதுபக்கம் பார்த்தபடியே வலதுபக்கமாகப் பறந்துபோய் இறங்கினான். (இந்த ஆட்டத்தில் அந்தரத்தில் இருக்கும்போது மாரியோவால் முகம் திருப்ப முடியாது.) கூடியிருந்த பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இறங்கியதும் ஓடினான். எங்கும் மோதவில்லை, எங்கும் நிற்கவில்லை. கம்பத்தைத் தொட்டபோது எங்களுடையதைவிட ஒரே ஒரு எண் அதிகம் இருந்தது.

"அழுகுணி ஆட்டம்!" என்று முதலில் கத்தியது எங்களில் யார் என்று நினைவில்லை. மூவரும் கத்தினோம் என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும். பின்னால் பார்த்துக்கொண்டு தாவுவது ஆட்டத்தில் இல்லாத ஒன்று, கேசட்டில் ஏதோ கோளாறு, அதை அவன் தெரிந்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறான் என்றோம். கடைக்கார அண்ணனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. வெளியே சோடா கேட்டு ஆள் நின்றார்.

"நாலு பேரும் கூட்டாளிங்கதானே. உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கடா."

முடிவு செய்தோம். மூன்றுக்கு ஒன்று. சுவரில் சாக்பீஸால் எழுதிய பெயர் எங்களுடையது. இலவச ஒரு மணி நேரத்தை நால்வரும் சேர்ந்து ஆடலாம் என்று பெருந்தன்மையோடு அவனை அழைத்ததும் நினைவிருக்கிறது. வந்தான். எந்தக் குழியை எங்கிருந்து தாண்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் அப்பாவின் நாட்டுப்படகில் ஓர் ஆள் குறைந்துவிட்டது, அதனால் போகிறான் என்றார்கள். எங்கள் ஊரில் அப்படி பெஞ்சில் ஓர் இடம் காலியாவது புதிதல்ல. மற்ற மூவரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டோம்.

நிரலைப் படித்த ஷார்ஜாக்காரர் ஒருநாள் இரவு எங்கள் இருவரையும் தொலைபேசியில் எழுப்பினார். குரல் சரியில்லை. வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்தோம். "அவன் செஞ்சது சரிடா" என்றார். விஷயம் இதுதான். மாரியோவின் முகம் ஒரு திசையிலும் நகர்வு எதிர்த்திசையிலும் இருந்தால், வேகம் மாறும் அளவை இரண்டால் பெருக்கச் சொல்லி நிரலில் ஒரு வரி இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவன் சட்டென்று திரும்பும்போது சறுக்கி நிற்பதற்காக எழுதியதாக இருக்கலாம். ஆனால் முதுகு காட்டி எம்பியவன் அந்தரத்தில் இருக்கும்போதும் அதே வரி வேலை செய்கிறது. உச்ச வேகம் அதனால் கூடிவிடுவதில்லை. தொடக்கத்தில் வேகம் சேரும் நேரம்தான் குறைகிறது. இன்று உலகில் இந்த ஆட்டத்தை மிக வேகமாக ஆடுகிறவர்கள் கையாளும் நுணுக்கங்களில் இதுவும் ஒன்று. அதற்குப் பெயர் உண்டு, பயிற்சி உண்டு. கையிலிருக்கும் பொத்தான்களால் ஆட்டத்துக்குள்ளேயே செய்யமுடிவதை அங்கே யாரும் அழுகுணி ஆட்டம் என்பதில்லை.

அதே நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ 64' ஆட்டத்திலும் முதுகுப்பக்கம்தான் வித்தை இருந்தது. முன்னோக்கிய தாவலுக்கு வேக வரம்பு வைத்தவர்கள் பின்னோக்கிய தாவலுக்கு வைக்க மறந்துவிட்டார்கள். படிக்கட்டில் முதுகு காட்டித் தாவித் தாவி, பூட்டிய கதவுகளையே ஊடுருவிப் போனார்கள் ஆட்டக்காரர்கள். 1997-இல் ஜப்பானில் வெளியான மறுபதிப்பில் அந்த வழியை அடைத்தார்கள். ஆம், அதே 1997. அங்கே அடைத்தவர்கள் ஆட்டத்தை உருவாக்கியவர்கள். எங்கள் ஊரில் அடைத்தவர்கள் நாங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் திரை எண் ஒன்று குறைவதற்கு 24 சட்டகங்கள் ஆகின்றன. முதுகு காட்டி எம்புவதால் மிச்சமாவது அதில் ஒரு சிறு பகுதிதான். ஆக, அவன் எங்களைவிட அதிகமாகப் பிடித்த அந்த எண்ணை அந்தத் தந்திரம் மட்டும் கொடுத்திருக்க முடியாது. மீதி அவனுடைய கை, அவனுடைய கண், எங்கே எம்புவது என்ற அவனுடைய தெளிவு. நாங்கள் சொன்ன குற்றச்சாட்டு அதன் சொந்தக் கணக்கிலேயே பொய்.

2025 மே மாதம் மூவரும் ஊரில் கூடினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அவன் இப்போது ஒரு விசைப்படகில் ஓட்டுநர். அதனால் வீட்டில் இருப்பான் என்று தெரியும். பாம்பன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தான். ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் பின்னால் தெரிந்தது. அதன் நடுவில் 72.5 மீட்டர் அகலத் துண்டு ஒன்று, கப்பல் போக வழிவிட்டு 17 மீட்டர் உயரத்துக்கு அப்படியே மேலே எழும்பும். பக்கத்தில் பழைய பாலம் 2022 டிசம்பரிலிருந்து ரயில் ஏறாமல் சும்மா நின்றது.

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினோம். நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஆடும் அமெரிக்க இளைஞர் 2021 ஏப்ரலில் முழு ஆட்டத்தையும் 4 நிமிடம் 54.948 நொடியில் முடித்தார். 4 நிமிடம் 55 நொடிக்குள் முடித்த முதல் ஆள் அவர். அதற்குப் பிறகும் துளித்துளியாக அந்த நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். அவன் வலையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தான். பத்து நொடிகூட ஆகியிருக்காது.

"இவன் மாரியோ வேகமா ஓடுறான். நம்ம மாரியோ இவ்வளவு வேகம் இல்லையே."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் சொன்னது சரி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டிவி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும், அங்கே செய்த ஆட்டம் அந்த அளவுக்கு எழுதப்பட்டது. நம் நாட்டில் 50 முறை. சட்டகத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கிட்டு ஓடும் மாரியோ, எங்கள் கொட்டகைப் பெட்டியில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தான். 256 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க அங்கே 1.7 நொடி, எங்களுக்கு 2 நொடி. இந்தக் கணக்கை நாங்கள் பல கட்டுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டோம். இத்தனை ஆண்டுகள் பெட்டியைத் தொடாதவன் பார்த்த மாத்திரத்தில் சொன்னான்.

இன்னொரு நுட்பத்தையும் அவனிடம் சொன்னோம். ஸ்டேஜ் முடிந்ததும் அடுத்த ஸ்டேஜை எடுக்கலாமா என்று ஆட்டம் 21 சட்டகங்களுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. இடையில் ஐந்து சட்டகம் முன்னால் வந்தாலும் பத்து சட்டகம் முன்னால் வந்தாலும் ஒன்றுதான், காத்திருக்க வேண்டும். கடைசி ஸ்டேஜுக்கு மட்டும் இது பொருந்தாது.

"தூக்குப்பாலம் மாதிரி" என்றான், கையால் பழைய பாலத்தைக் காட்டி. "காலையில வந்த போட்டும் மத்தியானம் வந்த போட்டும் ஒண்ணா நங்கூரம் போட்டுக் கெடக்கும். பாலம் தொறந்தாத்தான ரெண்டும் போகும்? ஆனா மாப்ள, பாலம் மூடுறப்ப ஒரு நிமிசம் பிந்தி வந்தவன் அடுத்த தொறப்பு வரைக்கும் கெடக்கணும். அவனுக்குத்தான் அந்த ஒரு நிமிசம் என்னன்னு தெரியும்."

அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. நிரலில் இருந்த அந்த ஒரு வரியைச் சொன்னோம். சாக்பீஸ் எழுத்தைச் சொன்னோம். மூன்றுக்கு ஒன்று என்று கை தூக்கியதைச் சொன்னோம். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. எங்கள் பேச்சு வழக்கில் அந்தச் சொல் நண்பர்களுக்கிடையே புழங்குவதில்லை. சொன்னால் நாடகமாகிவிடும்.

அவன் ஊசியில் நரம்பு கோத்தான். "எனக்கு அது ஞாபகமே இல்ல மாப்ள" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு எண்ணுதானே கூட" என்றான்.

ஞாபகம் இல்லாதவனுக்கு எத்தனை எண் என்பது எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆளுக்கு இவ்வளவு தரை என்று யார் அளந்து கொடுக்கிறார்களோ தெரியாது. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கொடுக்கப்பட்ட கொஞ்சம் தரையில், முதுகைத் திருப்பி நின்றாவது வேகம் சேர்க்கமுடியும் என்று ஒருவன் கண்டுபிடித்தான். அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தவர்கள் நாங்கள். பிற்காலத்தில் எங்கள் அலுவலகங்களில், வகுப்பறைகளில், நேர்காணல் மேசைகளுக்கு இந்தப் பக்கம் அமர்ந்து, வேறு மாதிரி எம்பி வருகிறவர்களைப் பார்த்து எத்தனை முறை அதே தீர்ப்பைச் சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கிறோம். அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை. இந்த ஒரு கணக்குதான் கையில் இருக்கிறது, அதனால் இதைத் திருத்துகிறோம். அக்காள்மடம், 1997, முதல் உலகம், முதல் ஸ்டேஜ். முந்தியவன் அவன். நாங்கள் ஓர் எண் பின்தங்கியவர்கள்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் கடைகள் இருக்கின்றன, சுவர் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம். பெயரையும் எழுதுவதாக இருந்தோம். அவன்தான் வேண்டாம் என்றான்.

"பேரெல்லாம் போட்றாதீங்க. எம்பையன் பாத்தான்னா, அப்பனே இப்படித்தான்னு சொல்லிட்டு நாள் பூரா போன்ல உக்காந்துருவான். பத்தாவது அவன்."

கிளம்பும்போது கைப்பேசியில் அதே ஆட்டத்தைத் திறந்து அவனிடம் நீட்டினோம். கண்ணாடித் திரையில் பொத்தான்களைப் படமாக வரைந்து வைத்திருக்கும் வகை. கயிறும் உப்பும் தின்ற விரல்கள், தொடுதிரை பாதி நேரம் அவற்றை உணரவே இல்லை. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான். மாரியோவை இடதுபக்கம் திருப்பினான். எம்பினான். முதுகு காட்டியபடியே வலதுபக்கம் பறந்து இறங்கி ஓடினான். முதல் குழாயைத் தாண்டினான், இரண்டாவதைத் தாண்டினான். முதல் குழியருகே எம்பவேண்டிய இடத்தில் திரை விரலை ஏற்கவில்லை. விழுந்துவிட்டான்.

சத்தம் போட்டுச் சிரித்தான். கைப்பேசியை எங்கள் பக்கம் நீட்டினான்.

"செத்துட்டேன். உங்க முறை."